ஈர்ப்பின் வேகம்

ஒளிக்கு வேகம் உண்டு என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். விநாடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று எண்ணும் சொல்லிவிடுவர். ஈர்ப்புக்கு வேகம் உண்டா என்று கேட்டாலோ, கற்றோரும் சற்றுத் தயங்குவர். மரத்து மாங்காய் மண்ணில் விழுவதும், கடல் பொங்கி வடிவதும், பூமி கதிரவனைச் சுற்றுவதும் ஈர்ப்பினால் என்பதை யாவரும் ஒப்புவர். அந்த ஈர்ப்பு கதிரவனிடமிருந்து பூமிக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறதா, அல்லது அக்கணமே வந்துவிடுகிறதா? கதிரவன் திடீரென்று இல்லாமற் போவதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒளி நமக்கு அற்றுப்போக எட்டு நிமிடமும் இருபது விநாடியும் ஆகும். பூமி தன் பாதையை விட்டு விலகுவது உடனே நிகழுமா? அதுவும் எட்டு நிமிடம் கழித்துத்தான் நிகழுமா?

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் விடுகதை அன்று. நியூட்டன் காலம் முதல் அறிஞர்களை உறுத்தி வந்த கேள்வி. இதற்கு நேரே அளந்து கண்ட விடை 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் கிடைத்தது. அன்று கிடைத்த ஓர் எண், பேரறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய கொள்கைகளைச் சாய்த்துவிட்டது. ஒரு கொள்கையை எப்போது ஏற்பது, எப்போது கைவிடுவது என்பதற்கு இவ்வரலாறு தெளிவான பாடம். அதுபற்றியே இங்கே எழுதப் புகுந்தேன்.

கேள்வியின் பிறப்பு

ஒளி நேரம் எடுத்துக்கொண்டு பயணம் செய்கிறது என்பதை 1676-இல் டென்மார்க்கு நாட்டு ரோமர் காட்டினார். வியாழனின் துணைக்கோள் மறையும் நேரம், பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும்போது பிந்துவதையும் நெருங்கி வரும்போது முந்துவதையும் கண்டு அவர் இதை உய்த்துணர்ந்தார். ஒளிக்கு இப்படி ஒரு சாட்சி கிட்டியது. ஈர்ப்புக்கு அத்தகைய சாட்சி கிட்டவில்லை.

1687-இல் நியூட்டன் ஈர்ப்பின் விதியை வெளியிட்டபோது, அதன் வேகத்தைப்பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பொருள்கள் எவ்வளவு தொலைவில் இருப்பினும் ஒன்றையொன்று அக்கணமே இழுக்கும் என்பதே அதன் உட்பொருள். இடையில் ஒன்றுமின்றித் தொலைவிலுள்ள பொருளை இழுப்பது அறிவுக்கு ஒவ்வாது என்று நியூட்டனே தம் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆயினும் கணக்கு சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்தமையால் உலகமும் வாய்மூடி இருந்தது.

1805-இல் பிரான்சு நாட்டு லாப்லாஸ் அக்கேள்வியை மறுபடி எழுப்பினார். ஈர்ப்பு நேரம் எடுத்துக்கொண்டு வருமானால், நிலவின் பாதையில் அதன் தடம் தெரியவேண்டும் என்று எண்ணிக் கணக்கிட்டார். ஈர்ப்பின் வேகம் ஒளியின் வேகத்தைப்போல் எழுபது லட்சம் மடங்கிற்குக் குறையாது என்று முடிவு கட்டினார். கணக்கில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட அடிப்படையில்தான் பிழை. ஈர்ப்பை ஓடும் நீர்போல் அவர் கருதினார். நூறாண்டு கழித்து, 1905-இல், அதே நாட்டுப் புவான்காரே, ஈர்ப்பும் அலையாகப் பரவும், ஒளியின் வேகத்திலேயே பரவும் என்று எழுதினார். 1915-இல் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்புக் கொள்கையை வெளியிட்டார். 1916-இல் அக்கொள்கையிலிருந்து ஈர்ப்பலைகளை வருவித்து, அவற்றின் வேகம் ஒளியின் வேகமே என்றார்.

பெரியவர் சொல்லும் சான்றாகாது

ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார் என்பதால் உலகம் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஈர்ப்பலை என்பது உண்மைப் பொருளா, கணக்குத் தாளில் தோன்றும் மாயையா என்று 1922-இல் எடிங்டன் ஐயுற்றார். 1936-இல் ஐன்ஸ்டைனே, ஈர்ப்பலைகள் இல்லை என்று காட்டுவதாக ஒரு கட்டுரை எழுதி அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். இதழாளர் அதனை வேறோர் அறிஞரின் பார்வைக்கு அனுப்ப, அவர் பிழை இருப்பதாகக் குறித்தார். ஐன்ஸ்டைன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பின்னர் பிழையை உணர்ந்து, முடிவை மாற்றி வேறோர் இதழில் வெளியிட்டார். உலகம் போற்றிய அறிஞரின் கட்டுரையையும் நிறுத்திச் சோதித்தார்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் வாசற்படியிலும் இச்சோதனை ஒருமுறை நடந்தது. 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் முழுக் கதிரவ மறைப்பு ஒன்று வந்தது. நிலவின் நிழல் சுமத்திராவின் வடபகுதியையும், பினாங்கிற்கு வடக்கே கெடா நாட்டையும், அதற்கப்பால் பட்டாணியையும் கடந்து சென்றது. ஆங்கில நாட்டு வானியலார் அலோர்ஸ்டாரிலும் பட்டாணியிலும் முகாமிட்டனர். ஜெர்மானியர் பிராய்ண்ட்லிக் என்பவர் தலைமையில் மலாக்கா நீரிணைக்கு அப்பால், ஆச்சே மலைநாட்டு டாகெங்கோனில் கருவிகளை நிறுத்தினர். கதிரவன் அருகே வரும் விண்மீனொளி எவ்வளவு வளைகிறது என்று அளப்பதே அவர்கள் நோக்கம். ஐன்ஸ்டைன் கணக்குப்படி, கதிரவனின் விளிம்பில் அது 1.75 கோண விநாடி இருக்கவேண்டும். பிராய்ண்ட்லிக் குழுவினர் 1931-இல் வெளியிட்ட அளவோ 2.24.

இந்த வேற்றுமையை ஒருவரும் மூடி மறைக்கவில்லை. பிராய்ண்ட்லிக் ஐன்ஸ்டைனின் நெடுநாள் ஆதரவாளர். ஆயினும் தாம் கண்டதைக் கண்டபடியே அச்சிட்டார். பிறர் அதே அளவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டு, ஐன்ஸ்டைன் எண்ணுக்கு நெருங்கிய விடைகளைக் கண்டனர். வாதம் நீடித்தது. 1970-களில் வானொலி அலைகளைக்கொண்டும், 2002-இல் சனிக்கோளை நோக்கிச் சென்ற காசினிக் கலத்தின் வானொலிக் குறிகளைக்கொண்டும் செய்த நுட்பமான அளவைகளே வாதத்தை முடித்தன. ஐன்ஸ்டைன் கொள்கை இன்று நிற்பது இவ்வாறு பலமுறை கூண்டில் ஏறி நின்றதனால்தான்.

தராசா? பழமா?

இவ்வளவு சோதனைகளிலும் தேறிய கொள்கையைத் திருத்தவேண்டும் என்று அறிஞர் சிலர் ஏன் முற்பட்டனர்? வீண் பெருமைக்காக அன்று. வானக் கணக்கு சரிக்கட்டவில்லை என்பதற்காக.

தோட்டத்தில் கணக்கு எழுதுபவன் ஆகையால் எனக்குத் தெரிந்த உவமையால் சொல்கிறேன். செம்பனைக் குலைகளைத் தோட்டத்தில் நிறுத்து லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். எண்ணெய் ஆலையில் மறுபடி நிறுக்கிறார்கள். இரு எடையும் ஒத்துவரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. கணக்கில் வராத பழம் எங்கேயோ இருக்கவேண்டும். இல்லையேல் தராசு பிழையாக இருக்கவேண்டும். எதுவென்று அலுவலகத்தில் அமர்ந்து தர்க்கம் செய்து தீர்க்க இயலாது. போய்ப் பார்க்கவேண்டும்.

வானத்திலும் இதுவே நிலை. விண்மீன்களின் கூட்டங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. இதனை 1933-இல் சுவிக்கி என்பவர் அண்டக்கூட்டம் ஒன்றில் கண்டார். 1970-களில் வேரா ரூபின் அம்மையார் தனித்தனி அண்டங்களிலும் இக்குறையைத் தெளிவாக்கினார். 1998-இல் வேறொரு புதிர் எழுந்தது. பேரண்டத்தின் விரிவு நாளுக்குநாள் விரைவடைகிறது என்று கண்டனர். பழம் குறைகிறது என்போர் கரும்பொருள், கருஆற்றல் என்று பெயரிட்டுக் காணாத பொருளைக் கணக்கில் சேர்த்தனர். தராசு பிழை என்போர் ஈர்ப்பின் விதியையே திருத்தினர்.

இரு கட்சிக்கும் முன்னோடி உண்டு. விந்தை என்னவெனில், இரண்டுக்கும் முன்னோடி ஒருவரே. பிரான்சு நாட்டு லெவெரியே, யுரேனசு கோளின் பாதை கோணுவதைக் கண்டு, காணாத கோள் ஒன்று அதனை இழுக்கிறது என்று கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கால்லே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்க, நெப்டியூன் அகப்பட்டது. பழம் கிடைத்துவிட்டது. அதே லெவெரியே, புதன் கோளின் பாதையிலும் கோணல் கண்டு, 1859-இல் காணாத பொருள் ஒன்று கதிரவன் அருகே இருக்கவேண்டும் என்றார். ‘வல்கன்’ என்று பெயரும் சூட்டிப் பலர் தேடினர்; அகப்படவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் விதியைத் திருத்தியபோது கோணல் தானே தீர்ந்தது. அங்கே தராசுதான் பிழை. ஆகவே ஈர்ப்பு விதியைத் திருத்த முனைந்தவர்களைப் பித்தர் என்று எள்ளுதல் தகாது.

திருத்தியவர் பலர். 1974-இல் ஹார்ண்டெஸ்கி என்னும் கணித அறிஞர், ஐன்ஸ்டைன் கொள்கையோடு வேறொரு புலத்தைச் சேர்த்து எழுதக்கூடிய கொள்கைகளை ஒரே குடும்பமாகத் தொகுத்தார். அவர் பின்னாளில் இயற்பியலை விட்டு ஓவியர் ஆனார். நெடுங்காலம் தூங்கிய அக்கட்டுரையைக் கருஆற்றல் ஆராய்ச்சியாளர் தேடி எடுத்துப் போற்றினர். 1983-இல் மில்க்ரோம் என்பவர் கரும்பொருள் வேண்டாத ஒரு விதியை முன்வைத்தார். 2004-இல் பெக்கன்ஸ்டைன் அதனை ஐன்ஸ்டைன் முறைக்கு ஏற்பப் பெரிய கொள்கையாக்கினார். இவை யாவும் பெரும்பாலும் நுண்ணிய கணக்குகள். ஒன்றையொன்று தாளின்மேல் வெல்ல இயலாதவை.

முன்கூட்டியே எழுதிய சீட்டு

இக்கொள்கைகள் பலவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. அவற்றில் ஒளி செல்லும் வழியும் ஈர்ப்பலை செல்லும் வழியும் ஒன்றாகா. அல்லது இரண்டின் வேகமும் ஒன்றாகா. இவ்விடத்திலேதான் சோதனைக்கு வழி திறந்தது.

பினாங்கு மலைமேல் மாலையில் மின்னுவதைப் பார்க்கிறோம். மின்னலும் இடியும் ஒரே கணத்தில் பிறந்தவை. மூன்று கிலோமீட்டர் தொலைவு வருவதற்குள் இடி ஏறத்தாழ ஒன்பது விநாடி பிந்திவிடுகிறது. ஒன்றாகப் புறப்பட்ட இருவர், முன்பின்னாக வந்து சேர்ந்தால் அவர்கள் வேகம் வேறு. ஒன்றாக வந்து சேர்ந்தால் வேகம் ஒன்று. அதுபோல, ஒளியையும் ஈர்ப்பலையையும் ஒரே கணத்தில் வெளியிடும் நிகழ்ச்சி ஒன்று நெடுந்தொலைவில் நடக்குமானால், வழக்குத் தீர்ந்துவிடும்.

இதனை 2007, 2008-ஆம் ஆண்டுகளிலேயே எழுதிவைத்தவர்கள் உண்டு. எம்ரே காஹ்யா, ரிச்சர்டு வுடார்டு என்னும் இருவரும், பின்னாளில் ஹைதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சாந்தனு தேசாயும் அவர்கள். அவர்கள் வாதம் எளிது. பெரும் பொருளருகே செல்லும் ஒளி தாமதப்படும் என்பது 1964-இல் ஷப்பிரோ கண்ட உண்மை. கரும்பொருள் மெய்யாக இருக்குமானால், அது ஒளியையும் ஈர்ப்பலையையும் ஒரே அளவாகத் தாமதப்படுத்தும். கரும்பொருள் இல்லை, அது இருப்பதுபோல் ஒளிக்கு மட்டும் வேறு வழி வகுக்கப்பட்டிருக்கிறது என்று கூறும் கொள்கைகளில், ஒளி தாமதப்படும். ஈர்ப்பலைக்கோ அத்தாமதம் குறையும். ஆகவே இரண்டின் வரவையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும் என்றனர். அந்நாளில் ஈர்ப்பலையை எவரும் நேரே கண்டதில்லை. 2016-இல் லொம்பிரைசர், டெய்லர் என்னும் இருவர், பேரண்ட விரிவை விளக்க எழுந்த கொள்கைகளுக்கும் இத்தகைய சோதனையே முடிவு காணும் என்று எழுதினர்.

பந்தயம் ஓடுமுன் சீட்டு எழுதி முத்திரையிட்டு வைத்தவர்கள் இவர்கள். ஓடி முடிந்தபின் வென்ற குதிரையின் பெயரைச் சொல்லுவது எவர்க்கும் எளிது.

1.74 விநாடி

2015 செப்டம்பர் 14-இல் அமெரிக்காவின் லைகோக் கருவிகள் முதன்முதலில் ஈர்ப்பலையை உணர்ந்தன. வாஷிங்டன் மாநிலத்து ஹான்போர்டில் ஒன்று, லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஒன்று. ஒவ்வொன்றும் நாலு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகள் உடையது. ஆனால் அந்த அலை இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்தது. கருந்துளைகளிடமிருந்து ஒளியை எதிர்பார்க்க இயலாது. ஒளியும் ஈர்ப்பலையும் ஒன்றாக வேண்டுமாயின் நியூட்ரான் விண்மீன்கள் மோதவேண்டும்.

நியூட்ரான் விண்மீன் என்ற பேச்சில் நம் தமிழகத்து மாணவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, அவிந்துபோன விண்மீன் தன்னைத் தாங்கிக்கொள்ளக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். அப்போது அவருக்கு வயது 19. 1935 ஜனவரியில் இலண்டன் வானியல் கழகத்தில் எடிங்டன் அவர் முடிவைப் பலர் அறிய எள்ளி நகையாடினார். எடிங்டனின் புகழ் பெரிது. ஆனால் சந்திரசேகரின் கணக்கே நின்றது. அவ்வரம்பைத் தாண்டிய உள்ளகம் இடிந்து சுருங்கும்போது பிறப்பவையே நியூட்ரான் விண்மீன்கள். கதிரவனைவிட எடை மிகுந்ததாகவும், ஒரு நகரத்தின் அகலத்தில் அடங்குவதாகவும் உள்ள பொருள்கள் அவை. சந்திரசேகருக்கு 1983-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அத்தகைய இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி, ஏறக்குறைய பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மோதின. மனித இனம் தோன்றாத காலம் அது. அம்மோதலின் அலை 2017 ஆகஸ்டு 17 அன்று, நம் நாட்டு நேரப்படி இரவு மணி 8-41-க்குப் பூமியைக் கடந்து சென்றது. ஏறத்தாழ நூறு விநாடி நேரம் கருவிகள் அதனை உணர்ந்தன. லிவிங்ஸ்டன் கருவியில் இடையே ஓர் இரைச்சல் குறுக்கிட்டது. அதனைக் கவனமாக நீக்கிய பின்னரே அக்கருவியின் பதிவு தெளிந்தது. ஈர்ப்பலை முடிந்து 1.74 விநாடி கழித்து, வானில் சுற்றிக்கொண்டிருந்த ஃபெர்மி என்னும் செயற்கைத் துணைக்கோள், காமாக் கதிர்களின் சிறு வெடிப்பு ஒன்றைக் கண்டது. காமாக் கதிரும் ஒளியின் இனமே. ஐரோப்பியரின் இன்டெக்ரல் துணைக்கோளும் அதனைப் பதிவு செய்தது.

இரண்டும் தற்செயலாக ஒரே நேரத்தில் வந்திருக்கலாகாதா என்று வாசகர் கேட்கலாம். ஆராய்ச்சியாளரும் முதலில் இதையே கேட்டனர். நேரமும் திசையும் இவ்வாறு தற்செயலாக ஒத்துவர இரண்டு கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு என்று கணக்கிட்டனர். இத்தாலியில் பைசா நகரருகே உள்ள விர்கோக் கருவியில் அந்த அலை மிக மெலிந்தே தெரிந்தது. அந்த மெலிவைக்கொண்டே, அக்கருவிக்குச் சரியாகப் புலப்படாத திசையிலிருந்து அது வந்தது என்று உணர்ந்து, வானில் தேடவேண்டிய பரப்பைக் குறுக்கினர். பதினொரு மணி நேரத்திற்குள் சிலி நாட்டு மலைமேலிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, என்.ஜி.சி. 4993 என்னும் அண்டத்தில் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தது. நம்மவர் சித்திரை என்று அழைக்கும் விண்மீனுக்குத் தெற்கே உள்ளது அவ்வண்டம். ஈர்ப்பலை வந்த அந்த நேரத்தில் அது பினாங்கின் தென்மேற்கு வானில், அடிவானத்திற்கு மேலேதான் இருந்தது. வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திராது. பின்னர் உலகின் எழுபது அளவிலான ஆய்வுக்கூடங்கள் அதனை நோக்கின. புணே அருகிலுள்ள இந்தியாவின் பெரிய வானொலித் தொலைநோக்கியும் அவற்றுள் ஒன்று.

தீர்ப்பு

பதின்மூன்று கோடி ஆண்டை விநாடியாக்கினால் ஏறக்குறைய நாலாயிரம் லட்சம் கோடி விநாடி ஆகும். இவ்வளவு நெடிய ஓட்டத்தில் இருவருக்கும் உள்ள இடைவெளி இரண்டு விநாடிக்கும் குறைவு.

அந்த 1.74 விநாடியும் வேக வேற்றுமையால் வந்ததாக இருக்கவேண்டியதில்லை. விண்மீன்கள் மோதிய பின்னர் காமாக் கதிர் வெளிப்பட்டுப் புறப்படச் சிறிது நேரம் பிடித்திருக்கலாம். ஆகவே ஆராய்ச்சியாளர் இரு எல்லைகளையும் எடுத்துக்கொண்டனர். இரண்டும் ஒரே கணத்தில் புறப்பட்டன என்றால் ஈர்ப்பலையே சற்று விரைந்தது. காமாக் கதிர் பத்து விநாடி பிந்திப் புறப்பட்டது என்றால் ஈர்ப்பலையே சற்று மெலிந்தது. எப்படிப் பார்ப்பினும், ஈர்ப்பின் வேகம் ஒளியின் வேகத்தைவிட ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட மிகுந்ததில்லை. மூன்று பங்குக்குமேல் குறைந்ததுமில்லை. லாப்லாஸ் சொன்ன எழுபது லட்சம் மடங்கு எங்கே, இது எங்கே!

இதன் கூர்மையை வேறுவிதமாகவும் காணலாம். ஈர்ப்பலையின் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அது பதின்மூன்று லட்சம் ஆண்டு பிந்தி வந்திருக்கும். நூறு கோடியில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் நாற்பத்தேழு நாள் பிந்தியிருக்கும். பேரண்டத்தின் விரைந்த விரிவை விளக்க எழுந்த கொள்கைகள் பல, இவற்றைவிடப் பெரிய வேற்றுமையை வேண்டி நின்றன. ஹார்ண்டெஸ்கி தொகுத்த குடும்பத்தின் பல கிளைகள் அன்றே முறிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த நான்கு குழுவினர், இம்முடிவையே தனித்தனியே வெளியிட்டனர். பென்சில்வேனியாவில் பணியாற்றும் புவனேஷ் ஜெயின் அவர்களுள் ஒருவர்.

சாந்தனு தேசாயும் கூட்டாளிகளும் தங்கள் பழைய சீட்டைப் பிரித்துப் பார்த்தனர். என்.ஜி.சி. 4993-இலிருந்து வரும் வழியில் உள்ள கரும்பொருள் முழுவதும் ஏற்படுத்தக்கூடிய தாமதம் ஏறத்தாழ 400 நாள் என்று கணக்கிட்டனர். கரும்பொருளை மறுத்து ஒளிக்குத் தனிவழி வகுத்த கொள்கைகள் மெய்யாயின், ஈர்ப்பலை வந்து ஓராண்டுக்குமேல் கழித்தே காமாக் கதிர் வந்திருக்கவேண்டும். வந்ததோ 1.74 விநாடியில். பெக்கன்ஸ்டைனின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, அதன் முதல் வடிவத்தில், இத்துடன் முடிவுற்றது.

எஞ்சி நிற்பவை

இதனால் தராசுக் கட்சி அடியோடு தோற்றுவிட்டது என்று முழங்குவது அறிவுடைமை ஆகாது. ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்வதை இயல்பாகவே ஏற்கும் திருத்தக் கொள்கைகள் இன்னும் நிற்கின்றன. 1961-இல் பிரான்சு, டிக்கி என்னும் இருவர் எழுதிய கொள்கை அவற்றில் ஒன்று. மில்க்ரோமின் கருத்தை இச்சோதனைக்கு ஏற்றவாறு 2021-இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் புதிதாக வடித்தனர். லைகோ உணரும் அலைகள் குறுகியவை; பேரண்ட அளவிலான நீண்ட அலைகளுக்கு இம்முடிவைப் பொருத்தலாமா என்று 2018-இல் சிலர் கேட்டனர். அதுவும் முறையான கேள்வியே. மற்றொரு பக்கம், கரும்பொருளின் துகள் ஒன்றையும் எந்த ஆய்வுக்கூடமும் ஐயமறப் பிடித்துக் காட்டவில்லை. பழம் குறைகிறது என்போரும் இன்னும் பழத்தைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

2019 ஏப்ரல் 25-இல் நியூட்ரான் விண்மீன்களின் மற்றொரு மோதலைக் கருவிகள் உணர்ந்தன. ஆனால் அதன் ஒளி அகப்படவில்லை. திசையைத் திட்டமாக அறியக் கருவிகள் இன்னும் வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்து ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோவின் இந்தியக் கருவியை நிறுவ இந்திய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது அதற்காகவே.

நாம் கொள்ளவேண்டியது

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. மேலைநாட்டில் ஒரு கண்டுபிடிப்பு வெளிவந்ததும், ‘இது நம் முன்னோர் ஏட்டில் அன்றே எழுதியதுதான்’ என்று மேடையேறிச் சொல்லுவர். கேட்போரும் கைதட்டுவர். திருவிழாப் பந்தலிலும் திருமண மண்டபத்திலும் இப்பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். முன்னோரை இழிவு செய்வது என் கருத்தன்று. வானை நோக்கி விண்மீனுக்குப் பெயரிட்டுக் காலத்தைக் கணித்த அவர்கள் மதிக்கத்தக்கவர்கள். ஆனால் அவ்வாறு பேசுவோரிடம் நாம் ஒன்று கேட்கலாம். ‘ஐயா, அவ்வேட்டில் உள்ளதை 2017-க்கு முன் ஏன் எடுத்துச் சொல்லவில்லை? ஈர்ப்பலை முந்துமா, ஒளி முந்துமா, எத்தனை விநாடி என்று ஏன் எழுதித் தரவில்லை? இனி நடக்கப்போவதில் ஒன்றையேனும் எண்ணோடு எழுதித் தருவீர்களா? பொய்த்தால் கைவிடுவீர்களா?’

காஹ்யாவும் வுடார்டும் தேசாயும் முன்னமே எழுதித் தந்தார்கள். முடிவு மாறாக வந்திருந்தால், கரும்பொருள்தான் கைவிடப்பட்டிருக்கும். அவர்களும் அதற்கு ஒப்பியிருக்கவேண்டும். தோற்ற கொள்கைகளின் ஆசிரியர்களும் பழி தூற்றவில்லை. புதுச் சாத்திரம் எழுதிப் பழைய முடிவைப் பூசி மெழுகவில்லை. கணக்கு பொய்த்தது என்று ஒப்பி, வேறு கணக்குப் போடத் தொடங்கினர். அக்கொள்கைகளும் அறியாமையால் எழுந்தவை அல்ல. எது பொய் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்டிருந்தமையால்தான் அவை தோற்க முடிந்தது. எந்தச் சோதனையிலும் தோற்காதவாறு வளைந்து கொடுக்கும் வாக்கு, எதையும் சொல்லாத வாக்கு.

தோட்டப் பள்ளியிலும் நகரப் பள்ளியிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஐன்ஸ்டைன் பெயரைக் கற்பிக்கிறோம்; நல்லது. அப்பெயரோடு டாகெங்கோனில் கண்ட 2.24-ஐயும், ஆகஸ்டு 17-இல் கண்ட 1.74-ஐயும் கற்பிப்போமாக. ஒன்று அவர் கணக்கோடு முரண்பட்டது, மற்றொன்று ஒத்துவந்தது. இரண்டையும் ஒரே நேர்மையோடு பதித்து வைத்தார்கள். எவர் சொன்னார் என்று கேட்டு அடங்கிவிடாமல், எப்படித் தெரியும், பொய்யானால் எப்படிக் கண்டுபிடிப்போம் என்று அடுத்த கேள்வியையும் கேட்கும் பிள்ளை, ஈர்ப்பின் கணக்கு அறியாவிடினும் விஞ்ஞானத்தின் வழியை அறிந்துகொள்ளும்.